சீட் பெல்ட் இன்றி ஏர்பேக் மட்டும் காக்காது

2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிராவின் பால்கர் மாவட்டத்தில், சூர்யா ஆற்றுப் பாலத்தில் கார் மோதி தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தார். பின்னிருக்கையில் பெல்ட் அணியாதிருந்த இருவரும் இறந்தனர். முன்னிருக்கையினர் இருவரும் பிழைத்தனர்.

மோதலைச் சென்சார் உணர்ந்ததும் டென்ஷனரில் உள்ள சிறு வெடிமருந்து பற்றி, தளர்ந்த பெல்ட்டை இழுத்து உடலை இருக்கையோடு இறுக்குகிறது. கண் இமைப்பதற்குள் ஏர்பேக் விரிந்து தலையையும் மார்பையும் தாங்கி, பின் சுருங்குகிறது. பெல்ட் அணியாதவரோ, விரிந்துகொண்டிருக்கும் பையின் மீதே வீசப்படுவார். அந்த வேகமே காயப்படுத்தும். ஆகவே முன்னிருக்கையில் குழந்தையை மடியில் வைப்பது பேராபத்து.

ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் வைக்க நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியதாக திர்மிதீயில் பதிவாகியுள்ளது. திருத்தணி வழியே சென்னைக்கோ ஆந்திராவுக்கோ காரில் புறப்படுவோர், பின்னிருக்கையிலும் பெல்ட் மாட்டிவிட்டு பயண துஆ ஓதுவோமாக.