ஹுண்டின் இரட்டைக்குழி

குவாண்டம் ஊடுருவலின் வரலாற்றைப் பாடநூல்கள் பெரும்பாலும் 1928-ஆம் ஆண்டிலிருந்தே தொடங்குகின்றன. அவ்வாண்டு கோட்டிங்கன் நகரில், இருபத்துநான்கு வயது இளைஞராயிருந்த ஜார்ஜ் காமோவ், அணுக்கருவிலிருந்து ஆல்பா துகள் வெளியேறும் விதத்தை விளக்கினார். தடையைத் தாண்டப் போதிய ஆற்றலற்ற துகளும், அலையியல்பு உடையதாதலால், தடையின் மறுபுறம் தோன்றச் சிறு வாய்ப்பு உண்டு. பிரின்ஸ்டனில் கர்னியும் காண்டனும் இதே முடிவைத் தனியே எட்டினர். இது வெளியேற்றத்தின் கதை. சென்ற துகள் மீள்வதில்லை.

இதற்கு ஓராண்டு முன்னரே, 1927-இல், பிரீட்ரிக் ஹுண்ட் வேறொரு கதையைத் தொடங்கியிருந்தார். அவர் எடுத்துக்கொண்டது நடுவே மேடுள்ள இரட்டைக்குழி. ஒரு குழியிலுள்ள துகள் மேட்டின் மீது ஏறாமலே மறு குழிக்குச் செல்லும். பின் திரும்பி வரும். அம்மோனியா மூலக்கூறில் நைட்ரஜன் அணு, மூன்று ஹைட்ரஜன் அணுக்களின் தளத்திற்கு இருபுறமும் நொடிக்கு ஏறத்தாழ 2,400 கோடி முறை இவ்வாறு ஊசலாடுகிறது. மேடு உயர்ந்தால் ஊசலாட்டத்திற்கு ஆகும் காலம் பன்மடங்கு பெருகும். இடக்கை, வலக்கை போல் அமைந்த மூலக்கூறுகள் தம் வடிவம் மாறாதிருப்பதை ஹுண்ட் இதைக் கொண்டே விளக்கினார்.

காமோவின் புகழைக் குறைப்பது நம் நோக்கமன்று. ஆயினும் பிற்கால ஆய்வின் ஒரு பெருங்கிளை ஹுண்டின் குழியிலிருந்தே வளர்ந்தது என்பதை நாம் நினைவுகூர வேண்டும்.

அக்குழிகளைச் சீரான தாளத்தில் அசைத்தால் என்ன நிகழும்? மரத்தை உலுக்கினால் பழம் உதிரும் என்று பழகியவர்கள் நாம்; ஊடுருவல் விரையும் என்றே எண்ணுவோம். 1991-இல் ஆக்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிராஸ்மன், டிட்ரிச், யுங், ஹெங்கி ஆகியோர் கண்ட விடை நேர்மாறானது. அசைவின் வலிமையும் அதிர்வெண்ணும் குறிப்பிட்ட விதத்தில் பொருந்தும்போது ஊசலாட்டம் அடியோடு நின்றுவிடுகிறது. ஊசலின் வேகத்தைத் தீர்மானிப்பது இரு ஆற்றல் நிலைகளுக்கு இடையேயுள்ள சிறு வேறுபாடு. பொருந்திய அசைவு அவ்வேறுபாட்டையே அழித்துவிடுகிறது. அப்போது ஹுண்டுக்கு வயது 95. 1997-இல், 101 வயதில் அவர் மறைந்தார்.

இதுவரை பேசியது தனித்துகளைப் பற்றி. ஒன்றையொன்று விலக்கும் பல துகள்கள் கூடினால்? 1924-இல் டாக்காவிலிருந்து சத்தியேந்திரநாத் போஸ் எழுதிய கட்டுரையில் வேர்கொண்ட செறிபொருள் இங்கே துணைக்கு வந்தது. 2005-இல் ஹைடல்பர்கில் ருபீடியம் அணுக்களின் செறிபொருளை இரு குழிகளில் இட்டனர். குழிகளுக்கிடையே எண்ணிக்கை வேறுபாடு சிறிதாயின் அணுக்கள் ஊசலாடின. அது ஓர் எல்லையை மீறியபோது, எவரும் அசைக்காமலே, பெரும்பாலானவை தம் குழியிலேயே தங்கிவிட்டன. விலக்குவிசையே அவற்றைத் தடுத்தது. 2008-இல் அதே நகரில், தனித்தனி ஆர்கான் அணுக்களைக் கொண்டு ஆக்ஸ்பர்க் கணிப்பு மெய்ப்பிக்கப்பட்டது.

இத்தாலியின் பீசா நகர ஆய்வாளர்கள் லேசர் ஒளியால் வரிசையாகக் குழிகள் அமைத்து அசைத்தனர். 2007-இல் தாவல் ஏறத்தாழ நின்றது. 2009-இல் அசைவையும் விலக்குவிசையையும் ஒருங்கே இணைத்தனர். தாவல் குறையக் குறைய விலக்குவிசை மேலோங்கி, தடையின்றிப் பரவியிருந்த அணுக்கள் குழிக்கு இத்தனை என நிலைகொண்டன; அசைவைத் தணித்ததும் மீண்டும் பரவின.

'சுரங்கம்' என்ற சொல்லை இக்கட்டுரையில் நாம் தவிர்த்தது இதனாலேயே. ஒருமுறை தோண்டிய சுரங்கம் எவர் வரினும் திறந்தே இருக்கும். இங்கோ, வழி உண்டா இல்லையா என்பதை அசைவின் தாளமும் உடனிருக்கும் துகள்களும் சேர்ந்தே முடிவு செய்கின்றன.