தோட்டப் பள்ளியும் ஆயாக்கொட்டகையும்

மலாயாத் தோட்டப்புறக் கல்வியின் வரலாற்றைப் பேசுவோர் 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தொகுப்பைத் தவறாமல் குறிப்பிடுவர். 7 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ வாழும் தோட்டத்தில் பள்ளி அமைப்பது நிர்வாகத்தின் கடமை என்று அச்சட்டம் விதித்தது. தமிழ்ப்பள்ளிகள் பெருக அது துணைநின்றதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பள்ளிக்கான அவ்விதி பிள்ளைகளை எண்ணியதேயன்றி, அப்பிள்ளைகளின் இடுப்பில் இருந்த கைக்குழந்தைகளை எண்ணவில்லை.

இதன் காரணம் தொழிலின் இயல்பிலேயே அடங்கியிருந்தது. வெயில் ஏறுவதற்கு முன்னரே இரப்பர் மரத்தில் பால் நன்கு வடியும். ஆகவே விடியுமுன் பெரட்டுக் கூடியது. தாயும் தந்தையும் மரம் சீவப் புறப்பட்டனர். பால் சேர்த்து, நிறுவை முடித்து அவர்கள் லயத்துக்குத் திரும்ப நண்பகலாகிவிடும். பள்ளியும் பெரும்பாலும் அந்தக் காலைப்பொழுதிலேயே நடைபெற்றது. வீட்டில் எஞ்சிய மூத்த பிள்ளை, அதிலும் பெண்பிள்ளை, அடுப்பையும் தம்பி தங்கையரையும் காக்கும் பொறுப்பை ஏற்றாள். வருகைப் பதிவேட்டில் அவள் ‘வராதவள்’ ஆனாள். பெற்றோருக்குக் கல்வியில் அக்கறையில்லை என்று பழிப்பது எளிது. இருவர் உழைத்தாலன்றிக் குடும்பம் நடவாத கூலிமுறையை எண்ணிப் பார்ப்போர் அவ்வாறு கூறத் துணியார்.

இங்கேதான் ஆயாக்கொட்டகையின் சிறப்பை நாம் உணர்தல் வேண்டும். ஏணைகள் கட்டிய அக்கொட்டகையில் ஓர் ஆயா, வேலைக்குச் சென்ற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டார். தாயை உழைப்புக்கு விடுவிப்பதே அதன் நோக்கம். எனினும், அது செவ்வனே நடந்த இடத்தில் தாயோடு தமக்கையும் விடுபட்டாள். அவளுடைய கை சிலேட்டைப் பிடிக்க வழி பிறந்தது. கல்வி வரலாற்றில் ஆசிரியருக்கும் கட்டடத்திற்கும் தரும் இடத்தில் ஒரு பகுதியேனும் அந்த ஆயாவுக்கும் உரியது என்பது நம் கருத்து.

மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் 2003 ஜனவரி முதல் நாள் தொடக்கக் கல்வி கட்டாயமாயிற்று. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது பெற்றோரின் சட்டக் கடமையாகிவிட்டது. ஆனால் லயங்கள் மறைந்து அடுக்குமாடி வீடுகள் வந்த பின்னும் தமக்கையின் சுமை முற்றிலும் நீங்கிவிடவில்லை. இரவுப்பணி முடிந்து தாய் வரும்வரை தம்பிக்குச் சோறூட்டும் மாணவியும், நோயுற்ற பாட்டிக்கு மருந்து கொடுத்துவிட்டுத் தாமதமாக வரும் மாணவனும் இன்றைய வகுப்பறைகளிலும் இருக்கக்கூடும்.

அவர்களைக் கண்டிப்பதற்கு முன் காரணத்தைத் தனியே கேட்டறிவதும், விடுபட்ட பாடத்தை வேறு வேளையில் கற்பிப்பதும், பள்ளி ஆலோசகர் வழியாகக் குடும்பத்திற்கு உதவி தேடித் தருவதும் நம்மால் இயலும். பள்ளியைக் கட்டித் திறந்துவிட்டால் போதாது. பிள்ளை சுமக்கும் பாரத்தை ஏற்க மற்றொரு கை வேண்டும் என்பதே தோட்டப்புற வரலாறு ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உணர்த்தும் பாடம்.