கடலுக்கும் கால்வாய்க்கும் நடுவே

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 26 அன்று குளச்சலுக்குப் பக்கத்திலுள்ள கொட்டில்பாட்டில் கல்லறையின் மீது பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். 2004இல் அந்தச் சிறிய மீனவக் கிராமத்தில் மட்டும் 199 பேர் இறந்தார்கள். மறுநாள் பத்திரிகையில் "சுனாமியில் பலியானவர்களுக்கு அஞ்சலி" என்று நான்கு வரி வரும். அது பொய்யில்லை. ஆனால் உயிர் தப்பியவர்களிடம் உட்கார்ந்து பேசினால் கடலோடு இன்னொரு பெயரும் வரும்: ஏ.வி.எம். கால்வாய்.

அலை வருவதைக் கண்டு மக்கள் கரையை விட்டு உள்நாட்டுப் பக்கம் ஓடினார்கள். ஊரின் முதுகுப்புறத்தில் கால்வாய் குறுக்கே கிடந்தது. முன்னால் இருந்த தண்ணீரிலிருந்து தப்பியவர்களில் பலர் பின்னால் இருந்த தண்ணீரில் விழுந்தார்கள். பல தலைமுறையாகக் கடலோடு வாழ்ந்தவர்களின் பிள்ளைகள் ஒரு கால்வாயில் செத்தார்கள். இறப்புச் சான்றிதழில் இதற்கெல்லாம் இடமில்லை. நாம் வரலாறு படிக்கிறவர்கள். அந்தக் கால்வாய் அங்கே எப்படி வந்தது, அதற்கும் கடலுக்கும் நடுவிலிருந்த ஒல்லியான மணல் துண்டில் இந்த மக்கள் மட்டும் ஏன் இருந்தார்கள் என்று கேட்பது நம் வேலை.

கால்வாயின் முழுப்பெயர் அனந்த விக்டோரியா மார்த்தாண்டம். அனந்தபுரத்துச் சாமி, இங்கிலாந்து ராணி, திருவிதாங்கூர் ராஜா ஆகிய மூவரின் பெயரும் அதில் உண்டு. வெட்டுவதற்குத் தொடக்கவிழா நடந்தது 1860இல். திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரி வரை படகுப் போக்குவரத்து என்பது திட்டம். அது முடியவேயில்லை. பூவாற்றுப் பக்கம் தொடங்கியது மண்டைக்காட்டுப் பக்கத்தோடு நின்றுபோனது. சாலையும் லாரியும் வந்த பிறகு படகும் போனது. மிஞ்சியது கடற்கரைக்கு இணையாக, மீனவ ஊர்களை உள்நாட்டிலிருந்து பிரிக்கும் ஒரு நீண்ட குழி. இன்று அதில் பல இடங்களில் தண்ணீரைவிடச் சாக்கடையும் பாசியும்தான் அதிகம்.

1860க்கு முந்தைய ஐந்து ஆண்டுகளைக் கொஞ்சம் பாருங்கள். திருவிதாங்கூரில் புலையரையும் பறையரையும் அடிமையாக வைத்திருப்பதை ஒழிக்கும் அரச அறிவிப்பு வந்தது 1855இல். தோள்சீலைப் போராட்டத்தின் முடிவில் நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று ராஜா ஒப்புக்கொண்டது 1859இல். அதுவும் மேல்சாதிப் பெண்கள் அணிவதுபோல் அணியக் கூடாது என்ற நிபந்தனையோடு! யார் எந்தத் துணி உடுத்தலாம், எந்த வழியில் நடக்கலாம், எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று அளந்து வைத்திருந்த நாடு அது. அந்த நாட்டில் முக்குவர்களுக்குக் கிடைத்த இடம் அலை நனைக்கும் மணல். நெல் விளையும் நிலம் அவர்களுக்கு இல்லை. 1544இல் சவேரியார் ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்குத் திருமுழுக்குக் கொடுத்ததாக எழுதியது இந்தக் கரையைப் பற்றித்தான். மதம் மாறியது, இருப்பிடம் மாறவில்லை. சாதி வகுத்த எல்லைக்கோட்டை முந்நூறு ஆண்டுகள் கழித்துக் கால்வாய் மண்வெட்டியால் ஆழமாக்கியது என்றே நாம் இதைப் படிக்கிறோம். அப்படித் திட்டமிட்டார்கள் என்று சொல்லவில்லை. திட்டமிடும்போது அந்த மக்களை நினைக்கவே இல்லை என்கிறோம்.

ஒரு கேள்வி வரும். மீனவர்கள் பட்டியல் சாதியினர் இல்லையே, தலித் அரசியல் பேசுகிறவர்களுக்கு இதில் என்ன? நியாயமான கேள்வி. அதே சுனாமியில் நாகப்பட்டினத்தில் நடந்ததை நாம் மறக்கவில்லை. நிவாரண முகாம்களில் தலித்துகள் தள்ளிவைக்கப்பட்டார்கள். தள்ளியவர்களில் மீனவர்களும் உண்டு. படகு இல்லாமல் கரையில் கூலி வேலை பார்த்த தலித்துகள் "பாதிக்கப்பட்ட மீனவர்" பட்டியலில் ஏறவே போராட வேண்டியிருந்தது. அழுகிய உடல்களை அள்ள வெளியூர் நகராட்சிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட தூய்மைப் பணியாளர்கள் பெரும்பாலும் யார் என்று சொல்லத் தேவையில்லை. இதையெல்லாம் மறைத்துவிட்டு ஒற்றுமை பேச முடியாது. ஆனாலும் இந்தச் சாவுகளின் இலக்கணம் நமக்குத் தெரிந்ததுதான். 2015 வெள்ளத்தில் கடலூர் மாவட்டத்துச் சேரிகள் ஏன் மூழ்கின? தாழ்வான இடத்தில் இருந்ததால். ஏன் தாழ்வான இடத்தில் இருந்தன? அந்தக் கேள்விக்கு வானிலை ஆய்வு மையத்தில் பதில் கிடைக்காது.

இறந்தவர்களுக்குள்ளும் கணக்கு ஒன்றுபோல இல்லை. ஆக்ஸ்பாம் நிறுவனம் 2005இல் வெளியிட்ட குறிப்பின்படி நாகப்பட்டினம் மாவட்டத்தில் இறந்த பெண்கள் 2,406, ஆண்கள் 1,883. கடலூரில் இறந்த பெண்கள் ஆண்களைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆண்கள் பலர் கடலில் இருந்தார்கள். ஆழ்கடலில் அந்த அலை படகைப் பெரிதாக அசைக்கவில்லை. கரையில் மீனுக்குக் காத்திருந்த பெண்கள், வீட்டில் குழந்தையோடு இருந்த பெண்கள், நீச்சல் கற்றுக்கொடுக்கப்படாத பெண்கள், புடவை காலைச் சுற்றிய பெண்கள்... கடல் ஆண்களின் இடம், கரை பெண்களின் இடம் என்று பிரித்ததன் விலையை அவர்கள் கொடுத்தார்கள். நம் மாவட்டத்தில் அன்று கிறிஸ்துமஸ் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. பெரும்பாலோர் கடலுக்குப் போகாமல் ஊரில் இருந்த நாள்.

கிழக்கே நாஞ்சில் நாட்டுக்குள் வந்தால் மணக்குடி. பழையாறு கடலில் சேரும் காயலின் இரு கரையிலும் கீழமணக்குடியும் மேலமணக்குடியும் இருக்கின்றன. இரண்டையும் இணைத்த பாலத்தைச் சுனாமி பெயர்த்து வீசியது. மணக்குடியில் 118 பேர் இறந்தார்கள். இங்கும் முன்னால் கடல், பக்கத்தில் காயல். ஆனால் காயல் கொல்வதற்கு அலை தேவையில்லை. நாஞ்சில் நாட்டின் நெல்வயல்களுக்குப் பாய்ந்து, நாகர்கோவில் நகரத்தின் கழிவையும் வாங்கிக்கொண்டு பழையாறு கடைசியாக வந்து சேரும் இடம் இது. தேங்காய் மட்டை ஊறப்போடும் தண்ணீரும் இதுதான். அந்த நாற்றம் பிடித்தவர்களுக்குத் தெரியும். அந்தத் தண்ணீரில் இடுப்பளவு இறங்கி இறால் தடவுகிறவர்களுக்கு வரும் சொறி, புண், வயிற்றுப்போக்கு எதுவும் பேரிடர் என்று பதிவாவதில்லை. மேட்டில் குடிக்கிறவர் முதலில் குடிக்கிறார், பள்ளத்தில் இருக்கிறவர் மிச்சத்தைக் குடிக்கிறார். மகாடின் சவுதார் குளத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த ராணியின் பெயர் தாங்கிய இன்னொரு நீர்நிலை ஆப்பிரிக்காவில் இருக்கிறது. விக்டோரியா ஏரி. உகாண்டா பக்கக் கரையில் கசென்செரோ என்ற மீனவ ஊரில் 1982 வாக்கில் ஆட்கள் உடல் மெலிந்து செத்தபோது சூனியம் என்றார்கள். எய்ட்ஸ் என்று பிறகு தெரிந்தது. அதற்குப் பிறகும் மீனவர்களின் ஒழுக்கத்தைப் பற்றித்தான் பேசினார்களே தவிர, மருத்துவமனை எத்தனை தொலைவில் இருந்தது, மீன் வாங்க வரும் பெண்களிடம் படகுக்காரர்கள் எதைக் கேட்டார்கள் என்பதைக் கேட்க நாளாயிற்று. அதே ஏரியில் புயலில் கவிழ்ந்து மூழ்கிச் சாகிறவர்களும் ஏராளம். உயிர்காக்கும் சட்டை இல்லை, எச்சரிக்கை வந்து சேர்வதில்லை.

எச்சரிக்கை வந்து சேராதது நமக்கும் புதிதில்லை. 2017 நவம்பர் 30இல் ஒக்கி அடித்தபோது தூத்தூர் பகுதி மீனவர்கள் ஆழ்கடலில் இருந்தார்கள். திரும்பி வராதவர்கள் அரசுக் காகிதத்தில் "காணாமல் போனவர்கள்" ஆனார்கள். காணாமல் போனவர் இறந்ததாகக் கருதப்பட ஏழு ஆண்டுகள் ஆக வேண்டும் என்பது சாட்சியச் சட்டம். கடல் உடலைத் திருப்பித் தராததற்கு விதவை ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டுமா? டிசம்பர் 7 அன்று குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அரசு இறங்கிவந்து விதியைத் தளர்த்தியது. தங்கள் வீட்டுச் சாவைச் சாவு என்று எழுதவைக்கவே மக்கள் ரயிலை மறிக்க வேண்டியிருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கள ஆய்வுக்குப் போகிற மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் படிவத்தில் "இறப்புக்கான காரணம்" என்ற கட்டம் இருக்கும். சுனாமி, புயல், காய்ச்சல் என்று ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். வீடு எங்கே இருந்தது, அங்கிருந்து சாலைக்கு எத்தனை நிமிடம், நடுவில் தண்ணீர் உண்டா, பாலம் எத்தனை அடி அகலம், பக்கத்து மருத்துவமனை எது, அந்த இடத்தில் வீடு கட்டச் சொன்னது யார், வேறு இடத்தில் நிலம் கேட்டபோது கொடுக்க மறுத்தது யார் என்று கேளுங்கள். கிழவிகளிடம் கேளுங்கள், அவர்களுக்குத்தான் நினைவிருக்கும். பிறகு கால்வாய்க் கரையில் நடந்து பாருங்கள். அது இன்னும் அங்கேதான் கிடக்கிறது.