கேட்டவரும் காத்தவரும்: வானொலிப் பேட்டியின் கதை



2025 டிசம்பர் 16ஆம் திகதியோடு இலங்கை வானொலிக்கு 100 வயது நிறைந்தது. 1925இல் அதே நாளில்தான் ஆளுநர் ஹியூ கிளிபர்ட் கொழும்பில் ஒலிபரப்பைத் தொடக்கி வைத்தார். வானொலி என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை பல. நோன்பு காலத்து மஃரிப் அதான், முஸ்லிம் சேவை, மாதர் மஜ்லிஸ், பி.எச். அப்துல் ஹமீத் அவர்களின் குரல் என்று நம் பெரியவர்கள் அடுக்கிக்கொண்டே போவார்கள். இன்று நாம் எழுத வந்தது அவ்வளவாகப் பேசப்படாத ஒரு விடயம் பற்றி: வானொலிப் பேட்டி.

ஓர் எழுத்தாளரோ, வைத்தியரோ, அரசியல்வாதியோ வந்து அமர்வார். ஒருவர் கேட்பார், மற்றவர் பதில் சொல்வார். வானொலி பிறந்த நாளிலிருந்து இப்படித்தான் நடந்தது என்று நம் பிள்ளைகள் நினைக்கக்கூடும். ஆனால் வானொலியின் தொடக்க காலத்தில் பேச்சு என்பது பெரும்பாலும் எழுதி வைத்ததை வாசிப்பதுதான். பேட்டியும் அதற்கு விலக்கல்ல.

ஓர் உதாரணம். பி.பி.சி.யின் மிகப் பழைய பேட்டி நிகழ்ச்சிகளில் ஒன்று 1942 ஜனவரி 29ஆம் திகதி தொடங்கியது. தனித்தீவில் மாட்டிக்கொண்டால் எந்த இசைத்தட்டுகளை உடன் வைத்திருப்பீர்கள் என்று பிரபலங்களிடம் கேட்கும் நிகழ்ச்சி அது. இன்றும் நடக்கிறது. அதைத் தொடக்கிய ரோய் புளொம்லி, ஆரம்ப ஆண்டுகளில் விருந்தினருடன் முன்கூட்டியே பேசி, கேள்வியையும் பதிலையும் தாளில் எழுதிவிடுவார். ஒலிபரப்பு நேரத்தில் இருவரும் அதைப் பார்த்து வாசிப்பார்கள். கேட்டுக்கொண்டிருந்த மக்களுக்கு அது இயல்பான உரையாடலாகத்தான் ஒலித்தது.

ஏன் இப்படி? அது யுத்த காலம். தணிக்கையாளர் பார்க்காத ஒரு சொல்லும் வானலையில் போகக்கூடாது. எழுதியதை விட்டு விலகிப் பேசினால் இணைப்பைத் துண்டிப்பதற்கென்றே ஒருவர் கலையகத்தில் உட்கார்ந்திருப்பார்.

அந்த நாட்களில் பி.பி.சி.யின் கீழைத்தேயச் சேவையில் வேலை பார்த்த ஒருவர் ஜோர்ஜ் ஓர்வெல். 'விலங்குப் பண்ணை'யை எழுதிய அதே ஓர்வெல்தான். 1941 ஆகஸ்ட் முதல் 1943 நவம்பர் வரை அங்கே இருந்தார். இந்தியாவுக்கான உரைகளைத் தயாரிப்பது அவரது பணி. ஈ.எம். போர்ஸ்டர், டி.எஸ். எலியட், முல்க் ராஜ் ஆனந்த் போன்ற எழுத்தாளர்களை ஒலிவாங்கியின் முன் அமர வைத்தார். 1942 நவம்பரில் அவர் எழுதிய ஒரு 'பேட்டி' ஒலிபரப்பானது. பேட்டி கண்டது யாரை என்று நினைக்கிறீர்கள்? கலிவரின் பயணங்களை எழுதிய ஜொனதன் ஸ்விப்டை! அவர் இறந்து ஏறத்தாழ 200 ஆண்டுகள் ஆகியிருந்தன. உயிரோடிருப்பவரின் பேட்டியே முழுக்க எழுதப்பட்ட தாளாக இருந்த காலத்தில், இறந்தவரைப் பேட்டி காண்பதும் பெரிய வேலையாக இருந்திருக்காது.

நம் காதுக்குப் பழக்கமான பி.பி.சி. தமிழோசையும் அந்தக் கீழைத்தேயச் சேவையில் பிறந்ததுதான். 1941 மே 3ஆம் திகதி தமிழ் ஒலிபரப்பு தொடங்கியது. 'தமிழோசை' என்ற பெயரைப் பின்னர் அதற்கு வைத்தவர் நம் நாட்டவர்: யாழ்ப்பாணம் கரம்பனைச் சேர்ந்த சோ. சிவபாதசுந்தரம். இலங்கை வானொலியில் பணியாற்றிவிட்டு லண்டன் போனவர். 'ஒலிபரப்புக் கலை' என்று தமிழில் ஒரு நூலும் எழுதினார். தமிழோசையின் வானொலிச் சேவை 2017 ஏப்ரல் 30ஆம் திகதி நின்றது. 76 ஆண்டுகள். யுத்த காலத்தில் இரவானதும் அதன் முன்னால் கூடிய வீடுகள் எத்தனை என்பதை நம் வயதினருக்குச் சொல்லத் தேவையில்லை.

ஓர்வெல் பற்றி இன்னுமொரு செய்தி. இரண்டு வருடங்களுக்கு மேலாக ஒரு வானொலி நிலையத்தில் வேலை செய்தவர் அவர். அவரே பல தடவை ஒலிபரப்பில் பேசியிருக்கிறார். அவர் எழுதிய தாள்கள் கிடைத்திருக்கின்றன, அச்சாகியும் விட்டன. ஆனால் அவருடைய குரல் ஒரு நிமிடம்கூட இன்று உலகில் இல்லை. தேடியவர்கள் யாருக்கும் கிடைக்கவில்லை.

வானொலிப் பேட்டியைத் தாளிலிருந்து விடுவித்தது ஒலிநாடா. 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் ஜெர்மானியர் காட்டிய கருவி, யுத்தம் முடிந்த பிறகு உலகெங்கும் பரவியது. அதற்கு முன் இசைத்தட்டில்தான் பதிவார்கள். சில நிமிடங்களில் தட்டு முடிந்துவிடும், தவறினால் வெட்டித் திருத்துவதும் கஷ்டம். நாடா வந்தபின் ஒரு மணித்தியாலம் பேசலாம். வேண்டாததை வெட்டலாம். கருவியைத் தூக்கிக்கொண்டு ஆளின் வீட்டுக்கே போகலாம். எழுதி வைத்து வாசிக்க வேண்டிய கட்டாயம் போனது. அதே நாடாவில் இன்னொரு சிக்கலும் இருந்தது. அதை அழித்துவிட்டு மேலே வேறொன்றைப் பதியலாம். நாடா விலை கூடிய பொருள். எனவே உலகின் பல நிலையங்களில் நேற்றைய பேட்டியின் மேல் இன்றைய நிகழ்ச்சி ஏறியது.

இந்த இரண்டையும், அதாவது நன்றாகக் கேட்பதையும் கேட்டதைக் காப்பாற்றுவதையும், ஒருசேரச் செய்து காட்டியவர் ஸ்டட்ஸ் டேர்கல் என்ற அமெரிக்கர்.

1912இல் பிறந்தவர். சிக்காகோவில் அவருடைய பெற்றோர் ஒரு சிறு தங்குமிடத்தை நடத்தினார்கள். வேலை தேடி வந்தவர்களும் வேலை இழந்தவர்களும் வரவேற்பறையில் உட்கார்ந்து வாதாடுவதைக் கேட்டு வளர்ந்தவர். சட்டம் படித்தார், ஆனால் வழக்கறிஞராகத் தொழில் செய்யவில்லை. தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். கறுப்பினத்தவருக்கு எதிரான சட்டங்களை எதிர்க்கும் மனுக்களில் கையொப்பமிட்டவர் என்பதால், கம்யூனிஸ்ட் என்ற சந்தேகப் பட்டியலில் பெயர் விழுந்தது. தெரியாமல் ஏமாந்து கையொப்பமிட்டேன் என்று சொன்னால் போதும், வேலை மிஞ்சும் என்றார்கள். அவர் சொல்லவில்லை. நிகழ்ச்சி போனது. 1952இல் சிக்காகோவின் ஒரு சிறிய வானொலி நிலையத்தில் சேர்ந்தார். 1997 வரை, 45 ஆண்டுகள், அங்கேயே பேட்டி கண்டார்.

அவருடைய முறை மிக எளிமையானது. எழுத்தாளர் ஒருவர் வருகிறார் என்றால் அவரது புத்தகத்தை முழுவதும் வாசித்திருப்பார். பக்கத்து ஓரமெல்லாம் குறிப்பு எழுதியிருப்பார். 1961இல் ஜேம்ஸ் போல்ட்வின் என்ற கறுப்பின எழுத்தாளர் வந்தபோது, முதலில் பெஸி ஸ்மித் என்ற பாடகி வெள்ளத்தைப் பற்றிப் பாடிய ஒரு பழைய பாட்டை ஒலிக்கவிட்டு, அதன் பிறகே பேச்சை ஆரம்பித்தார். போல்ட்வின் தன் முதல் நாவலைச் சுவிட்சர்லாந்தின் ஒரு மலைக்கிராமத்தில், அந்தப் பாடகியின் இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் எழுதி முடித்திருந்தார். அந்தக் கதையெல்லாம் பேட்டியில் தானாக வெளிவந்தது. எங்கே பிறந்தீர்கள், எத்தனை புத்தகம் எழுதினீர்கள் என்று தொடங்கியிருந்தால் அது வந்திருக்குமா?

மார்ட்டின் லூதர் கிங்கும் பேர்ட்ரண்ட் ரஸலும் அவரிடம் பேசியவர்களில் அடங்குவர். அதேபோல் தொழிற்சாலை ஊழியரும், உணவு பரிமாறும் பெண்ணும், குப்பை அள்ளுபவரும் பேசினார்கள். அவர்களின் சொற்களைக் கொண்டே 1930களின் பொருளாதார நெருக்கடி பற்றியும், தொழில் பற்றியும், யுத்தம் பற்றியும் நூல்களைத் தொகுத்தார். யுத்தம் பற்றிய நூலுக்கு 1985இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. அவர் அடிக்கடி சொன்ன ஒரு சம்பவம் உண்டு. அரசாங்கக் குடியிருப்பில் ஓர் ஏழைத் தாயிடம் பேசி முடித்த பிறகு, பிள்ளைகள் ஆசைப்பட்டதால் பதிவைத் திருப்பிப் போட்டுக் காட்டினார். அந்தத் தாய் வாயில் கையை வைத்துக்கொண்டு, தனக்குள் இப்படியான எண்ணங்கள் இருந்ததே இதுவரை தனக்குத் தெரியாது என்றாராம்.

நமக்கு இது புதிய பாடமல்ல. ஜிப்ரீல் (அலை) அவர்கள் மனித வடிவில் வந்து அமர்ந்து, இஸ்லாம் என்றால் என்ன, ஈமான் என்றால் என்ன, இஹ்ஸான் என்றால் என்ன என்று நபி (ஸல்) அவர்களிடம் ஒவ்வொன்றாகக் கேட்ட ஹதீஸை மத்ரஸாவில் ஓதிய எல்லோரும் அறிவோம். அவர் போன பிறகு, வந்தவர் ஜிப்ரீல் என்றும், உங்களுக்கு மார்க்கத்தைக் கற்றுத்தர வந்தார் என்றும் நபியவர்கள் ஸஹாபாக்களிடம் சொன்னார்கள். பதில் சொன்னவர்கள் நபியவர்கள். ஆனால் கற்றுத்தர வந்தவர் என்று சொல்லப்பட்டது கேள்வி கேட்டவரை! சபையில் இருந்தவர்கள் அறிய வேண்டியதை அறிந்து கேட்ட கேள்விகள் அவை. அப்படி ஒரு கேள்வியைக் கேட்பதும் கற்பித்தல்தான். பின்னர் வந்த ஹதீஸ்கலை இமாம்கள், கேட்டவரிடமிருந்து நேரில் கேட்பதற்காக ஊர் ஊராகப் பயணம் போனார்கள். யாரிடம் யார் கேட்டார் என்ற சங்கிலியையும் சேர்த்தே காப்பாற்றினார்கள்.

டேர்கல் கருவி கையாளத் தெரியாதவர். கார் ஓட்டவும் கற்றுக்கொள்ளவில்லை. பொத்தானைப் பிழையாக அமுக்கிச் சில பேட்டிகளை இழந்திருக்கிறார். ஆனாலும் ஆயிரக்கணக்கான ஒலிநாடாக்கள் மிஞ்சின. அவை சிக்காகோ வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போயின. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் அவற்றை டிஜிட்டல் வடிவுக்கு மாற்ற உதவியது. 2018 முதல் இணையத்தில் யாரும் கேட்கலாம். அவர் 2008இல் தன் 96ஆவது வயதில் இறந்துவிட்டார்.

அதே சிக்காகோவில் நடந்த இன்னொரு பேட்டியை நம் மாணவர்களுக்கு அவசியம் சொல்ல வேண்டும். 1966ஆம் ஆண்டு. முஹம்மத் அலி உலகக் குத்துச்சண்டைச் சாம்பியன். வியட்நாம் யுத்தத்துக்கு எதிராகப் பேசியதால் அமெரிக்காவில் பலர் அவரை வெறுத்த நேரம். அப்போது 17 வயது மாணவன் ஒருவன், தன் பாடசாலை வானொலிக்காக ஒரு பேட்டி வேண்டும் என்று விடாமல் முயன்று கேட்டான். அலி அவனுக்கு நேரம் கொடுத்தார். செவ்வாய்க் கிரகத்துக்குப் போய்ச் சண்டை போடுவது பற்றிய வேடிக்கைப் பேச்சும் அந்தப் பதிவில் உண்டு. அந்த நாடா அழியாமல் இருந்தது. பல பத்தாண்டுகள் கழித்து அசைவூட்டச் சித்திரத்தோடு வெளியாகி, உலகமே கேட்டது. பெரிய நிலையமில்லை, பணமில்லை. ஒரு மாணவன், ஒரு பதிவுக்கருவி, அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம், அவ்வளவுதான்.

இனி நம் பக்கம் வருவோம்.

யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்து ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக விளங்கிய ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் எழுதியவற்றை நூலகத்தில் எடுத்து வாசிக்கலாம். இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்காக வாழ்நாளைக் கொடுத்த பேராசிரியர் ம.மு. உவைஸ் அவர்களின் நூல்களும் இருக்கின்றன. அவர்களின் குரலைக் கேட்ட மாணவர் நம் வகுப்பறைகளில் எத்தனை பேர்?

பெரியவர்களை விடுவோம். 1990 ஒக்டோபரில் 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாண நகரத்தாருக்குக் கிடைத்தது சுமார் இரண்டு மணித்தியாலம். அன்று 40 வயதில் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு புத்தளத்துக்கு வந்தவர் இன்று 75ஐத் தாண்டியிருப்பார். 1978 நவம்பர் சூறாவளியைக் கண்ட கிழக்கிலங்கையாரும், 2004 சுனாமியில் வீட்டையும் உறவையும் இழந்தவர்களும் நம்மோடுதான் இருக்கிறார்கள். இவர்களைப் பற்றி அறிக்கைகள் உண்டு, எண்ணிக்கைகள் உண்டு. தேர்தல் மேடையில் இவர்கள் பெயரால் பேச ஆட்களுக்கும் குறைவில்லை. அவர்கள் வாயாலேயே சொன்னது எவ்வளவு பதியப்பட்டிருக்கிறது? ஒவ்வொரு ஜனாஸாவோடும் ஒரு சாட்சியத்தையும் நாம் அடக்கம் செய்துவிட்டு வருகிறோம்.

அன்று டேர்கல் தோளில் சுமந்த கருவியைவிடச் சிறந்தது இன்று நம் பிள்ளைகளின் கைபேசியில் இருக்கிறது. குறைவது அவர் செய்த முன்னாயத்தம்தான். எனவே ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்ந்து இந்த விடுமுறையில் இதைச் செய்து பார்ப்போம்.

ஒவ்வொரு மாணவரும் ஒரு முதியவரைத் தெரிவு செய்யட்டும். போவதற்கு முன் அவரது ஊர், தொழில், காலம் பற்றி வாசித்துக்கொள்ளட்டும். அனுமதி கேட்டுப் பதியட்டும். சொல்ல விரும்பாததைத் தோண்ட வேண்டாம். "அந்த நாள் எப்படி இருந்தது?" என்று பொதுவாகக் கேட்டால் "கஷ்டம்தான் மகன்" என்று முடிந்துவிடும். "புறப்படும்போது கையில் என்ன எடுத்தீர்கள் உம்மம்மா?" என்று கேட்டால் கதை வரும். அவர் மௌனமாகும்போது அடுத்த கேள்விக்கு அவசரப்படக்கூடாது. பெயர், ஊர், திகதி மூன்றையும் பதிவின் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு பிரதி, பாடசாலை நூலகத்தில் ஒரு பிரதி. குடும்பம் சம்மதித்தால் மட்டுமே வெளியில் பகிர வேண்டும்.

நம் ஊரில் முதலில் யாரிடம் போக வேண்டும்? கடலுக்குப் போனவர்கள், வயல் செய்தவர்கள், பாய் இழைத்த உம்மாமார், பழைய கடை முதலாளிகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் என்று நம் மனதில் ஒரு பட்டியல் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்தவர்களின் பெயரை அவர்களின் சம்மதத்தோடு உட்பெட்டியில் அனுப்புங்கள். 80ஐத் தாண்டியவர்களிடம் முதலில் போவோம்.

வல்ல அல்லாஹ் அவர்களுக்கு நீண்ட ஆயுளையும் ஆரோக்கியத்தையும் தருவானாக. ஆமீன்.