பச்சை முக்கோணம் தோலுக்குக் காவல் அல்ல

தேனி மாவட்டம் ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, சுருளிப்பட்டி எனக் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் விளைகிறது பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற இந்தத் திராட்சையை அடிச்சாம்பல் போன்ற பூஞ்சை நோய்களிலிருந்து காக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை, மான்கோசெப் போன்ற பூஞ்சைக்கொல்லிகளை விவசாயிகள் அடிக்கிறார்கள். கொடி பந்தலில் படர்வதால் கீழே நின்று மேல்நோக்கித்தான் தெளிக்க வேண்டும். மருந்தில் ஒரு பகுதி தெளிப்பவரின் தலை, கழுத்து, தோள் மீதே இறங்குகிறது.

பிறகு வரும் அரிப்பை வெயில், வியர்வை என்று நாம் ஒதுக்கிவிடுகிறோம். பல நேரங்களில் அது நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேலை.

உடலில் நடப்பது என்ன?

மான்கோசெப் தோல் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்ட ரசாயனம். இத்தகைய பொருள்கள் தோலுக்குள் நுழைந்து அங்குள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்கின்றன. தோலில் காவல் இருக்கும் செல்கள் இதை அந்நியப் பொருளாகக் கருதி, நிணநீர் முடிச்சுகளில் உள்ள டி செல்களுக்குத் தெரிவிக்கின்றன. டி செல்கள் அதை நினைவில் வைத்துக்கொள்ள ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். அதுவரை வெளியே எதுவும் தெரியாமல் போகலாம். அதன் பிறகு சிறிதளவு பட்டாலும், ஓரிரு நாளில் தடிப்பும் கொப்புளமும் வரும். அந்த நினைவு பல ஆண்டுகள், பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும். "இத்தனை வருஷம் அடித்தேன், ஒன்றும் ஆகவில்லை" என்பவருக்கும் இது வரலாம்.

முக்கோணம் சொல்வதும் சொல்லாததும்

மருந்துப் பொட்டலத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என முக்கோணம் இருக்கும். எவ்வளவு உட்சென்றால் உயிர் போகும் என்பதை வைத்தே இந்த நிறங்கள் தரப்படுகின்றன. மான்கோசெப்புக்குப் பச்சை. ஒவ்வாமை வருமா என்பதை அந்தப் பச்சை சொல்லாது.

இனவிருத்திக்கும் ஹார்மோன்களுக்கும் கேடு என்ற காரணங்களால் ஐரோப்பிய ஒன்றியம் 2020 டிசம்பரில் மான்கோசெப்பின் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்தது. இந்தியாவில் 2020 மே மாதம் தடை செய்ய உத்தேசித்த 27 மருந்துகளின் வரைவுப் பட்டியலில் அது இருந்தது. இன்றும் இங்கே விற்பனையில் உள்ளது.

நாம் செய்ய வேண்டியவை

* முழுக்கைச் சட்டை, தொப்பி, கண்ணாடி, கையுறை, பூட்ஸ் அணிந்தே தெளிக்க வேண்டும். வெறும் கையால் மருந்தைக் கலக்கக் கூடாது.
* காற்றுக்கு எதிராக நின்று அடிக்கக் கூடாது. நனைந்த துணியை உடனே மாற்ற வேண்டும்.
* வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டும். அந்தத் துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது.
* ரப்பர் தயாரிப்பில் சேரும் தைராம், மான்கோசெப்புக்கு நெருங்கிய ரசாயனம். ரப்பர் கையுறையே அரித்தால் கையுறையைக் கைவிடாமல், மருத்துவரிடம் கேட்டு வேறு வகைக்கு மாறலாம்.
* தடிப்பு திரும்பத் திரும்ப வந்தால் தோல் மருத்துவரிடம் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள். ஒட்டுப் பரிசோதனை மூலம் காரணத்தைக் கண்டறியலாம்.

ஒவ்வாமை வந்தபின் களிம்பு அரிப்பைத்தான் அடக்கும். உடலின் நினைவை அழிக்காது. கூலிக்கு மருந்து அடிப்பவருக்குக் கையுறையும் குளிக்கத் தண்ணீரும் தருவது தோட்டக்காரரின் பொறுப்பு.