'எஞ்சாய் எஞ்சாமி' யாருடைய பாட்டு? அறிவின் பயணமும் 'ஃபீச்சரிங்' என்ற சொல்லின் விலையும்

2021 மார்ச் 7 அன்று மாஜா நிறுவனத்தின் யூடியூப் சேனலில் 'எஞ்சாய் எஞ்சாமி' வெளியானது. தலைப்பில் முதலில் தீ, அடுத்து 'ஃபீச்சரிங் அறிவு', கடைசியாக 'தயாரிப்பு: சந்தோஷ் நாராயணன்' என்று இருந்தது. பாட்டு பட்டிதொட்டியெங்கும் ஒலித்த நாட்களில் இந்த வரிசையை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஆனால் அதன் பிறகு வந்த சண்டைகளில் பாதி இந்த ஒற்றை வரியிலிருந்து கிளம்பியவைதான்.

சினிமாவை நம்பாமல் சொந்தமாகப் பாட்டு எழுதி, பாடி, மற்றவர்களுடன் கூட்டு சேர்ந்து வளரும் கலைஞருக்கு என்ன கிடைக்கிறது, என்ன கை நழுவிப் போகிறது? தமிழில் இதைப் புரிந்துகொள்ள அறிவின் கதையைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

அரக்கோணத்திலிருந்து

இந்தியாவில் இண்டி இசை என்றால் நீண்ட காலம் ஆங்கிலமும் இந்தியும்தான். புனேயில் 2010-ல் தொடங்கிய என்எச்7 வீக்எண்ட்டர் போன்ற திருவிழாக்கள் அந்தப் பாடகர்களுக்கு மேடையும் ரசிகர்களையும் கொடுத்தன. தமிழிலோ, நல்ல குரல் என்று பெயர் வாங்கினால் அடுத்த வாரமே சினிமா கூப்பிட்டுவிடும். கூப்பிடாவிட்டால் அவ்வளவுதான்.

அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு வெளிச்சத்துக்கு வந்தது 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு மூலம். இயக்குநர் பா.இரஞ்சித்தின் முயற்சியில் இசைக்கலைஞர் டென்மாவுடன் உருவான இந்தக் குழு, 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறியது. கானா, ராப், ராக் மூன்றையும் கலந்து சாதிக்கு எதிராகப் பாடியது. 2019-ல் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பத்தை வெளியிட்டார் அறிவு. சினிமாவும் வந்தது: 'மாஸ்டர்' படத்தின் 'வாத்தி ரெய்டு', 'சார்பட்டா பரம்பரை'யின் 'நீயே ஒளி'.

'எஞ்சாய் எஞ்சாமி'யின் வேர் அவருடைய பாட்டி வள்ளியம்மாள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துவிட்டு, நிலமில்லாமல் தமிழ்நாட்டுக்குத் திரும்பி வந்த தலைமுறையைச் சேர்ந்தவர். அந்த நினைவுதான் பாட்டாக மாறியது.

காணாமல் போன பெயர்

பாட்டு பெரிதாகப் பெரிதாக, எழுதியவர் படத்திலிருந்து விலகிக்கொண்டே போனார். டிஜே ஸ்னேக் செய்த ரீமிக்ஸுக்கு நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் விளம்பரப் பலகை வைத்தார்கள். அதில் அறிவு இல்லை. 2021 ஆகஸ்டில் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா.இரஞ்சித் அதை வெளிப்படையாகக் கண்டித்தார், சர்ச்சை வெடித்தது. பிறகு அறிவுக்கென ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது.

2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலேயே பாட்டு மேடையேறியபோது, அவர் இன்ஸ்டாகிராமில் எழுதினார். இசையமைத்ததும் எழுதியதும் பாடியதும் தானே என்றும், மெட்டையோ ஒரு சொல்லையோ யாரும் தனக்குத் தரவில்லை என்றும் சொன்னார். சந்தோஷ் நாராயணன் மறுத்தார். பாட்டு கூட்டாக உருவானது, உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம் என்றார். தீயும் தன் தரப்பை வெளியிட்டார்.

2024 மார்ச்சில் கதை வேறு பக்கம் திரும்பியது. மூன்று வருடமாகியும் இந்தப் பாட்டிலிருந்து தங்களுக்கு ஒரு காசுகூட வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே மாஜா மீது குற்றம்சாட்டினார். இது அவர் தரப்பு. அது சரியென்றால், யார் பங்கு எவ்வளவு என்று கலைஞர்கள் பகிரங்கமாக வாதாடிக்கொண்டிருந்தபோது பங்கு போடுவதற்கே எதுவும் வந்திருக்கவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

பொதுவாகச் சொன்னால், 1957 பதிப்புரிமைச் சட்டத்தின்படி ஒரு பாட்டு என்பது ஒரே சொத்து அல்ல. வரிகள் இலக்கியப் படைப்பு, எழுதியவருடையது. மெட்டு இசைப் படைப்பு, இசையமைத்தவருடையது. ஒலிப்பதிவு மூன்றாவது சொத்து, தயாரிப்பாளருடையது. பாடியவருக்குத் தனியாக நிகழ்த்துநர் உரிமை. 'ஃபீச்சரிங்' என்ற சொல் இந்தச் சட்டத்தில் எங்குமே கிடையாது. அது மார்க்கெட்டிங் சொல்.

'தயாரிப்பாளர்' என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இண்டி உலகில் புரொட்யூசர் என்றால் பீட் போட்டு இசையை உருவாக்குபவர். சட்டத்தில், ஒலிப்பதிவை உருவாக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுப்பவர். அது பெரும்பாலும் லேபிள்தான்.

சரி, 'கூட்டுப் படைப்பு' என்றால்? ஒருவரின் பங்களிப்பை இன்னொருவருடையதிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாதபடி இருந்தால்தான் கூட்டுப் படைப்பு. சினிமாவில் மெட்டு ஒருவர், வரி இன்னொருவர் என்று பிரிப்பது சுலபம். ராப்பிலும் ஒப்பாரியிலும் கானாவிலும் சொல்லும் ராகமும் ஒன்றாகவே வாயில் பிறக்கின்றன. எழுதியவர் அங்கே பாடலாசிரியர் மட்டும்தானா, இசையமைப்பாளரும் கூடவா? அறிவு எழுப்பிய கேள்வியின் மையம் இதுதான். என்னைக் கேட்டால், அவரை வெறும் 'ஃபீச்சரிங்' என்று அடக்கியது அந்தப் பாட்டுக்கே பொருந்தாத வரிசை.

ஒரு நல்ல விஷயம்: இசையமைப்பாளர் என்று உரிமை கோர, நொட்டேஷன் எழுதியிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஃபோனில் முணுமுணுத்துப் பதிந்த வாய்ஸ் மெமோகூட நாளைக்கு ஆதாரமாக உதவலாம். அழித்துவிடாதீர்கள்.

2012 திருத்தம் இன்னும் முக்கியமானது. ஜாவேத் அக்தர் போன்றவர்கள் போராடிப் பெற்ற அந்தத் திருத்தத்தின்படி, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும், ராயல்டியில் சம பங்கு பெறும் உரிமையை லேபிளுக்கு விட்டுக்கொடுக்க முடியாது. சினிமா அல்லாத பாட்டுக்கும் இது பொருந்தும். படைத்தவர் என்று பெயர் கோரும் உரிமையும் தனியாக நிற்கிறது. ஆனால் ராயல்டி தானாக வீட்டுக்கு வராது. ஐபிஆர்எஸ் போன்ற பதிப்புரிமைச் சங்கத்தில் சேர்ந்து, ஒவ்வொரு பாட்டையும் பதிவு செய்ய வேண்டும்.

ரிலீஸுக்கு முன்னால்

வெளிநாடுகளில் பாட்டு முடிந்த கையோடு 'ஸ்ப்ளிட் ஷீட்' என்று ஒரு பக்கக் காகிதம் போடுவார்கள். வரியில் யாருக்கு எத்தனை சதவீதம், மெட்டில் எத்தனை, மாஸ்டர் ஒலிப்பதிவில் எத்தனை, பெயர் எந்த வரிசையில் வரும். எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். லெனனும் மெக்கார்ட்னியும் யார் எழுதினாலும் இருவர் பெயரும் போடுவது என்று இளவயதிலேயே பேசி வைத்துக்கொண்டார்கள். நம் ஊரில் நண்பனிடம் காகிதம் நீட்டினால் 'என்ன மச்சான், நம்பிக்கை இல்லையா?' என்ற கேள்விதான் முதலில் வரும். பாட்டு ஹிட்டாவதற்கு முன்பு அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது சுலபம்.

லேபிளிடம் கையெழுத்துப் போடும்போது காலமும் எல்லையும் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாமல் விட்டால், சட்டப்படி அந்த உரிமை மாற்றம் 5 வருடத்துக்கு மட்டும், இந்தியாவுக்குள் மட்டும் செல்லும். 'நிரந்தரமாக, உலகம் முழுவதும்' என்று இருந்தால் கதையே வேறு. கணக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை வரும், அதைத் தணிக்கை செய்ய உங்களுக்கு உரிமை உண்டா என்பதையும் கேளுங்கள்.

அறிவு 2024-ல் தன் தனி ஆல்பத்தை வெளியிட்டார். அதன் பெயர் 'வள்ளியம்மா பேராண்டி'.