பொதுக்குளமும் ட்விட்டர் கணக்கும்

தோழர்களே, இந்த ஆண்டு நினைவுரைக்கு ஓர் அமெரிக்க விவகாரத்தை ஏன் எடுத்துக்கொண்டீர்கள் என்று விழாக்குழுவிலேயே சிலர் கேட்டார்கள். மகத்திலிருந்து தொடங்கினால் காரணம் விளங்கும்.

1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் தலைமையில் நம் மக்கள் சவுதார் குளத்தில் நீர் அருந்தியதை ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அதன் பின் நடந்த வழக்கை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. அதே ஆண்டு டிசம்பரில் சாதி இந்துக்கள் நீதிமன்றம் போனார்கள். வழக்கம், தீட்டு என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. குளமே எங்கள் தனிச்சொத்து என்றார்கள். அது செல்லாது என்று பம்பாய் உயர்நீதிமன்றம் முடிவாகச் சொல்ல 1937 மார்ச் ஆனது. விலக்க நினைப்பவர் முதலில் பொதுவிடத்தைத் தன் வீடு என்று சொல்லிப் பார்ப்பார். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போவோம்.

2017 ஜூலையில், ட்விட்டரில் தங்களைத் தடுத்துவிட்டதற்காக அதிபர் டிரம்ப் மீது ஏழு பேர் வழக்குத் தொடுத்தார்கள். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் நைட் நிறுவனம் அவர்களோடு நின்றது. அரசுத் தரப்பின் வாதம் நமக்குப் பழகிய வாதம்தான்: அது 2009இலேயே தொடங்கிய சொந்தக் கணக்கு, யாரைச் சேர்ப்பது யாரை விலக்குவது என்பது அவர் விருப்பம். ஆனால் அந்தக் கணக்கின் பதிவுகள் பாதுகாக்கப்பட வேண்டிய அதிபர் ஆவணங்கள் என்று நாட்டின் தேசிய ஆவணக் காப்பகம் ஏற்கெனவே கூறியிருந்தது. அரசின் ஆவணமாக இருப்பது எப்படித் தனிச்சொத்தாகும்? 2018 மே மாதம் நியூயார்க் நீதிமன்றமும், 2019 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் டிரம்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. 2021இல் அவர் பதவியில் இல்லாததால், வழக்கு காலாவதியானது என்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கிவிட்டது.

வழக்கைவிட நம்மை அதிகம் ஈர்ப்பது அதே ஆண்டில் நடந்த இன்னொரு வேலை. ஃபேஸ்புக் பக்கமொன்றில் தடுக்கப்பட்டவருக்கு அறிவிப்பு எதுவும் வராது. பதிவு கண்ணில் படும், பதில் எழுத முடியாது, அவ்வளவுதான். தன்னைப்போல் இன்னும் எத்தனை பேர் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. அந்தப் பட்டியல் பக்கத்தை நடத்தும் அலுவலரின் திரையில் மட்டும் இருக்கும். புரோபப்ளிக்கா என்ற செய்தி நிறுவனம் அந்தத் திரையைத்தான் கேட்டது. 50 மாநில ஆளுநர்களுக்கும் (அங்கே ஆளுநர் என்றால் நம்மூர் முதலமைச்சரைப்போல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்) 22 மத்திய அரசு நிறுவனங்களுக்கும் ஆவணம் கோரி மனு அனுப்பியது. சில அலுவலகங்கள் தர மறுத்தன. கொடுத்தவர்களின் கணக்கைக் கூட்டியபோதே ஏறத்தாழ 1,300 கணக்குகள் தடுக்கப்பட்டிருப்பது தெரிந்தது. கென்டக்கி ஆளுநர் மாட் பெவின் ஒருவர் மட்டும் 600க்கு மேல். இரு கட்சிக்காரர்களும் இதில் இருந்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தனித்தனியாக, 'நம்மைப் பிடிக்கவில்லை போலிருக்கிறது' என்று ஒதுங்கியிருந்தவர்கள், பட்டியல் வந்த பிறகுதான் அது அலுவலக நடைமுறை என்று கண்டார்கள். மேரிலாந்தில் ஆளுநர் அலுவலகம் 2018இல் 65,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது; தடுப்பதற்கான விதியையும் மாற்ற வேண்டியதாயிற்று. பட்டியல் கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் டிரம்ப் வழக்கே சாட்சி. தோற்ற பிறகும், எந்தப் பதிவுக்காகத் தடுக்கப்பட்டோம் என்று காட்ட முடியாதவர்களுக்கு வெள்ளை மாளிகை கதவைத் திறக்க மறுத்தது. விலக்கியவரிடம் கணக்கு கேட்காமல் விலக்கப்பட்டவரிடம் சான்று கேட்பதை நாம் எத்தனை தாலுகா அலுவலகங்களில் பார்த்திருக்கிறோம்!

இந்த மனுக்களில் ஒரு சிக்கல் உண்டு. பட்டியலைக் கேட்டால் அரசை விமர்சித்தவர்களின் பெயர்களும் வெளியே வரும். ஊருக்குள் ஆதிக்கச் சாதியை எதிர்த்து எழுதுகிற ஓர் இளைஞனின் பெயர் அரசுத் தாளில் அச்சாகிச் சுற்றுவது அவனுக்குப் பாதுகாப்பா? மறுபக்கம், இதே அந்தரங்கத்தைக் காரணம் காட்டி அலுவலகங்கள் எண்ணிக்கையைக்கூட மறைத்துவிடலாம். எங்கள் நிலைப்பாடு இதுதான்: எண்ணிக்கை, தேதி, உத்தரவிட்டவரின் பதவி, எந்த விதியின்கீழ் என்பவற்றைக் கேட்க வேண்டும். பெயரை, சம்பந்தப்பட்டவர் மட்டும் தன்னுடையதைக் கேட்கட்டும்.

2024 மார்ச்சில், மிச்சிகனின் போர்ட் ஹியூரான் நகர மேலாளர் தொடர்பான லிண்ட்கே எதிர் ஃப்ரீட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் புதிய அளவுகோல் வைத்தது. அந்த அதிகாரிக்கு அரசின் சார்பில் பேசும் அதிகாரம் உண்மையிலேயே இருக்க வேண்டும், அந்தப் பதிவில் அதைப் பயன்படுத்துவதாகவும் தெரிய வேண்டும் என்றது. 'இது என் சொந்தப் பக்கம்' என்று முகப்பில் எழுதிவைக்கும் அதிகாரிக்கு இது வசதிதான். அதனால் அந்தப் பக்கத்தை அலுவலக நேரத்தில் யார் நடத்துகிறார், என்ன உத்தரவின்பேரில் என்பதையும் மனுவில் கேட்டாக வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு எங்கள் நண்பர்கள் இருவரை ஓர் அரசு அலுவலகத்தின் பக்கம் தடுத்தது. குடியிருப்புக்குக் குடிநீர் வராததைப் படத்தோடு போட்டிருந்தார்கள். 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் மனு போட்டோம். முப்பது நாளுக்குள், 'கோரப்பட்ட தகவல் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை' என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. மேல்முறையீட்டு மனுவில் அந்தத் திரையின் படநகலைக் கேட்டு எழுதியிருக்கிறோம். மனுவின் மாதிரியை இந்தக் கூட்டத்துக்குக் கொண்டுவந்திருக்கிறோம். வாசலில் புத்தக மேசையில் இருக்கிறது.